ஏற்றத்துக்கு மட்டும் டீசல்

கல்வராயன் மலையில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ யோகம் அடித்துவிட்டதுபோலப் பேசினார்கள். "காத்து, தண்ணி, குளிர்ச்சி. உனக்கு இன்னா கொறச்சல்?" என்றாள் நாத்தனார். அவள் இருப்பது திருநாவலூரில். வெயில் அங்கே ஆளை வேகவைக்கும். அவளுக்கு அப்படித்தான் தோன்றும். காற்றும் தண்ணீரும் சும்மா கிடைப்பவைதான். அங்கே போய்ச் சேர்ந்து திரும்பி வருவதற்குத்தான் காசு. தொகுப்பூதியத்தில் இருக்கும் தற்காலிக ஆசிரியையின் சம்பளத்தில் வண்டிக்கூலிக்கு எவ்வளவு போகிறது என்று நான் அவளுக்கு விளக்கப் போனதில்லை. விளக்கினால், அப்படியானால் வேலையை விட்டுவிடு என்பாள். விட்டுவிட்டு என்ன செய்வதாம்?

என் வீடு அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். பள்ளிக்கூடம் மேலே, வெள்ளிமலையையும் தாண்டி. காலையில் அரசுப் பேருந்து உண்டு. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து மகாராணிபோல ஏறிவிடுவேன். வம்பு சாயங்காலத்தில்தான். கீழே வரும் கடைசிப் பேருந்து, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே புறப்பட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு வருவது மேலே ஏறி ராத்தங்கும் வண்டி. இலவசம் எனக்கு இருக்கிறது, வண்டிதான் இல்லை. நேரத்தை மாற்றச் சொல்லி நாங்கள் மனுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே சாயங்காலம் ஷேர் ஜீப். பழைய டீசல் ஜீப். பின்னால் இரண்டு பக்கமும் நீட்டுப் பலகை, மேலே தார்ப்பாய், ஏறுவதற்கு ஒரு கம்பிப் படி. பலகையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது சட்டத்தில் ஒரு மாதிரியும் எங்கள் இடுப்பில் வேறு மாதிரியும் இருக்கும். மூட்டைகள் காலுக்கடியில். டிரைவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் எனக்கு. டீச்சர் என்பதற்காகக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஜீப்காரருக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். கடன் வாங்கி எடுத்த வண்டி. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்; மழையில் எனக்காக எத்தனையோ முறை பள்ளிக்கூட வாசல்வரை வந்து நின்றிருக்கிறார்.

தினமும் என்னோடு இறங்குகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் புளியும் கடுக்காயும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கும் வியாபாரி. செய்தித்தாளை எழுத்து விடாமல் படிப்பவர். இன்னொருவர் கருவாட்டுக்கார அக்கா. காலையில் கூடையோடு மேலே வந்து, ஊர் ஊராக நடந்து விற்றுவிட்டு, நல்ல நாளில் காலிக் கூடையோடும் கெட்ட நாளில் பாதிக் கூடையோடும் வந்து ஏறுவார். அவர் ஏறியதும் வண்டியே மணக்கும். "மூக்கப் பொத்தாத டீச்சர், நாளைக்கி உன் கொழம்புலயும் இதுதான் வேவும்" என்பார். மகன் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டிருந்தான். மருமகள் அவளுடைய அம்மா வீட்டோடு போய்விட்டாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் அக்காவின் பொறுப்பில். மற்றபடி மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இறங்குகிறவர்கள், முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயம் டீசல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக ஏறவில்லை. தினம் சில பைசா. ஒரேயடியாக ஏற்றினால் நாலு பேர் கூடிச் சத்தம் போடலாம், சாலையில் உட்காரலாம். பைசா பைசாவாக ஏற்றினால் யாரை எங்கே போய்க் கேட்பது? எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைக். டீசலுக்கும் எங்களுக்கும் நேரடியாக ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆனாலும் அது எங்கள் வீட்டுக்கு வழி தெரிந்து வந்தது. முதலில் தக்காளியில் வந்தது. அப்புறம் எண்ணெயில். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் போய், இரண்டு மடக்கில் தீர்ந்துவிடுகிற காகிதக் கப் வந்தது. சிலிண்டர் தீர்ந்த மாதம், அடுத்ததைப் பதிவு பண்ணப் போனைக் கையில் எடுத்து, எடுத்த கையாலேயே வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் மூன்று கல்லைக் கூட்டினேன். பால் மகளுக்கு மட்டும் என்று ஆனது. அவள் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் இருவருக்கும் வறட்டீ. உடம்புக்கு நல்லது என்று வீட்டுக்காரர் சொன்னார். எதையாவது சொல்லிக்கொள்ளத்தானே வேண்டும்.

அவருக்குக் கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் கிடைத்தது. பைக்குக்குப் பெட்ரோல் போட்டு வேலை தேடப் போனால், கிடைக்கிற கூலியில் பாதி பைக்கே தின்றுவிடுகிறது என்று அதைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்து ஓட்டத் தொடங்கினார். பொம்பளை சைக்கிள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். "பெட்ரோல நீ ஊத்தறியா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு சிரிப்பு நின்றது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மேலே டீக்கடைக்கு முன்னால், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜீப்காரர் வண்டியை எடுக்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குக் கட்டுப்படியாவல. நாளையிலேர்ந்து ஆளுக்குப் பத்து ரூபா ஜாஸ்தி. நாப்பது இல்ல, அம்பது."

"ஏன் தம்பி, இன்னிக்கி வரிக்கும் நாப்பதுக்கு ஓடின வண்டி நாளைக்கி ஓடாதா?" என்றார் கருவாட்டுக்கார அக்கா.

"டீசல் வெல இன்னா விக்குதுன்னு தெரியுமாக்கா உனக்கு?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? நானா டீசல் குடிக்கறேன்?"

புளி வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எண்ணெய் வெல கொஞ்சம்தான்மா. அதுமேல போடற வரிதான் ஏறிக்கினே போவுது. மேல இருக்கறவங்கள கேட்டா மாநிலம் கொறைக்கட்டும்ன்றாங்க. இங்க கேட்டா அவங்க கொறைக்கட்டும்ன்றாங்க. நடுவுல நாம."

"எங்க வூட்ல சைக்கிளுகூடக் கெடையாது. நான் எதுக்கு டீசலுக்கு வரி கட்டணும்?"

"நீ கட்டறதுதான் ஜாஸ்தி. கடலூர்லேர்ந்து உன் கருவாடு நடந்தா வருது?"

அக்கா கூடையைப் பார்த்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைமுக வரி என்று நான் நடத்தியிருக்கிறேன். பொருளின் விலையோடு சேர்ந்து வருவதால் மக்களுக்குத் தெரிவதில்லை என்று எழுதிப்போட்டிருக்கிறேன். ஒரு பையன்கூட ஏன் தெரிவதில்லை என்று கேட்டதில்லை. அன்று அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது.

யாரும் ஐம்பதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சண்டையும் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். ஜீப்காரர் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். பிறகு சொன்னார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ஏத்தத்துக்கு டீசல் ஊத்தித்தான் ஆவணும். எறக்கத்துக்கு வேணாம். உச்சிக் கோயில்கிட்ட என்ஜின ஆஃப் பண்ணிட்டா வண்டி அதுபாட்டுக்கு அடிவாரம் வரிக்கும் உருண்டுகினு வரும். அதுல மிச்சமாவற டீசலுக்கு நான் நாப்பதுக்கே ஓட்டறேன். அம்பது குடுத்தா என்ஜின் ஓடும். ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க."

"பிரேக் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"புடிக்கும் டீச்சர். என்ஜின் ஓடிகினு இருந்தா லேசா மிதிச்சா போதும். ஆஃப் பண்ணிட்டா கல்லு மாதிரி இருக்கும், காலு குடுத்து அழுத்தணும். ஆனா புடிக்கும். கெழங்கு லோடு எறக்கறவங்கல்லாம் இப்டித்தான் எறக்கறாங்க."

மரவள்ளிக்கிழங்குக்குக் குடும்பம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மாதம் முழுக்க தினம் பத்து ரூபாய் என்றால் மகளின் பால் அதில் போய்விடும் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது. அக்கா கூடையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, "என்கிட்ட நாப்பதுதான்பா" என்றார். வியாபாரி, "ஆஃப் பண்ணியே ஓட்டு, முருகன் இருக்கான்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற மலைக்காரப் பெண் ஒருத்தி, எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். இவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மலையுச்சியில் சாலை இறங்கத் தொடங்குகிற இடத்தில் வேலும் கல்லுமாக ஒரு சின்னக் கோயில். வண்டிக்காரர்கள் அங்கே நிறுத்தி, திருநீறு பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். எங்கள் ஜீப்காரரும் பூசிக்கொண்டார். எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்து என்ஜினை நிறுத்தினார்.

மலைச்சாலையில் என்ஜின் ஓடாத வண்டியில் போயிருக்கிறீர்களா? முதலில் காது திகைக்கிறது. பிறகு எல்லாம் கேட்கத் தொடங்குகிறது. டயருக்கடியில் ஜல்லி நெரிகிறது. தார்ப்பாய் அடித்துக்கொள்கிறது. மேலே எங்கோ ஒரு பறவை கத்துகிறது. பக்கத்தில் இருப்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது. அதுவரை அந்த ஜீப்பில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வருவோம். அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. வளைவுக்கு வளைவு ஜீப்காரர் காலை ஊன்றி எழுந்து நிற்பதுபோல பிரேக்கை மிதிப்பார். அவர் தொடை நடுங்குவது பக்கத்தில் இருக்கும் எனக்குத் தெரியும். அவர் மிதிக்கும்போதெல்லாம் என் காலும் சேர்ந்து தரையை மிதிக்கும்; அந்தக் காலோடுதான் தினமும் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"அம்பது குடுத்துட்டு என்ஜின் போடச் சொல்லேன்."

"நான் மட்டும் குடுத்தா போடமாட்டாரு. எல்லாரும் குடுக்கணும்."

"அப்ப வேற வேல பாத்துக்கலாம் வுடு."

"எங்க இருக்குது?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். மோரிலும் தண்ணீர்தான் அதிகம். களைப்பு என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்து வருகிற களைப்பு இல்லை, அது தூங்கினால் போய்விடும். இது, எதைத் தொட்டாலும் அதன் விலை முதலில் கையில் படுகிற களைப்பு. அது வந்துவிட்டால் முழுசாகப் பயப்படக்கூட முடிவதில்லை.

பழகியும்விட்டது. அதுதான் கேவலம். சில வாரங்களில் அக்கா இறக்கத்திலேயே வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். வியாபாரி கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார், தூங்குகிறாரா சாமியை வேண்டுகிறாரா என்று தெரியாது. நான் விடைத்தாள் திருத்திப் பார்த்தேன். பேனா வழுக்கி ஒரு பிள்ளைக்கு மதிப்பெண்ணே மாறிப்போனது. வண்டியில் திருத்துவதை அதோடு விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலே ஏறும் ராத்தங்கல் பேருந்து எதிரே வந்தது. எங்கள் வண்டியில் என்ஜின் சத்தம் இல்லாததால் அந்த டிரைவருக்கு நாங்கள் வருவது தெரியவில்லை. எங்கள் ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார். மிதித்தார், மிதித்தார், வண்டி நிற்கவில்லை. கடைசியில் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். ஜீப் தூக்கிவாரிப் போட்டு, இருமி, குலுங்கி, பேருந்தின் முகத்துக்குக் கை நீட்டுகிற தூரத்தில் நின்றது. அக்காவின் கூடை கவிழ்ந்து நெத்திலி முழுக்கப் பின்னால் இருந்தவர்கள் காலடியில் கொட்டிவிட்டது. பேருந்து டிரைவர் தலையை நீட்டி, அம்மா அக்கா எல்லோரையும் இழுத்துத் திட்டினார். அவர் திட்டியதில் தப்பே இல்லை.

பேருந்து கடந்து போனது. பிறகு அக்கா குனிந்து கருவாட்டைப் பொறுக்கினார். நானும் இறங்கிப் போய்ப் பொறுக்கினேன்.

"நான் போய்ச் சேந்துட்டா அதுங்க ரெண்டுக்கும் ஆரு டீச்சர் இருக்காங்க?" என்றார், என்னைப் பார்க்காமல்.

இனிமேல் என்ஜினை ஓட்டு என்று அப்போது யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஜீப்காரரும் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சொல்வோம் என்று காத்திருந்த மாதிரிதான் இருந்தது. சொன்னால் பத்து ரூபாய். அடிவாரத்தில் இறங்கி ஆளுக்கு நாற்பது கொடுத்துவிட்டு நடந்தோம். மண் ஒட்டின நெத்திலியை அக்கா மறுநாள் கழுவிக் காயவைத்து விற்றார்.

அதற்கு அடுத்த மாதம் அது நடந்தது. நடந்தது என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால், ஒரு ஜீப் ஒழுங்காக மலையிலிருந்து இறங்கியது. அவ்வளவுதான்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ, வயிறு நன்றாகத் தெரிந்தது. ஜீப்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு, "வூட்டுக்காரி டீச்சர். ஏழு மாசம். மேல சொந்தக்காரங்க வூட்டுக் காதுகுத்துக்கு வந்தா. நீங்க இன்னிக்கி மட்டும் பின்னால…" என்றார். இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் திரும்பிச் சிரித்தாள். காதுகுத்து வீட்டு லட்டை எங்கள் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். அக்கா அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பொண்ணுதான்" என்றார். "பொண்ணுதான் வேணும்க்கா" என்றாள் அவள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வண்டியில் பேச்சுச் சத்தம் கேட்டது.

கோயில் வந்தது. நிறுத்தினார். திருநீறு பூசிக்கொண்டார், அவளுக்கும் பூசிவிட்டார். வந்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போல மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கூடையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டார். வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். என்ஜின் நிற்கவில்லை.

முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி இரண்டாவது கியரில், புதுப்பெண் நடப்பதுபோல மெதுவாக இறங்கியது. பிரேக்கைத் தொட்டால் நின்றது. ஒரு குலுக்கல் இல்லை. வியாபாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முன்னால் தெரிந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல என் காதுப்பக்கம் சாய்ந்தார்.

"அவன் பொண்டாட்டி புள்ளைக்கு என்ஜின் ஓடுது. நம்ம வூட்டு புள்ளைங்களுக்கு ஆரு ஓட்டறது?"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஜீப்காரருக்குக் கேட்டிருக்காது. ஆனால் மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் அவர் கண் எங்கள் பக்கம் வந்தது, உடனே சாலைக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார வைத்து, கல்லு மாதிரி இருந்தாலும் புடிக்கும், புடிக்கும் என்று சொன்னவருக்கு, அது பிடிக்காமலும் போகலாம் என்று தெரிந்துதான் இருந்திருக்கிறது. அந்தக் கோபத்தோடே இரண்டு வளைவு வந்தேன். மூன்றாவதில் அது என் பக்கமே திரும்பிவிட்டது. அவராவது பெண்டாட்டிக்காக ஒரு படி டீசலை எரிக்கிறார். என் உயிருக்காக நான் பத்து ரூபாயை எரிக்கவில்லையே. அவரைத் திட்ட எனக்கு வாய் ஏது?

அடிவாரத்தில் வண்டி நின்றது. அந்தப் பெண் இறங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்துகொண்டு, நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், தெனம் இப்டித்தான் பதனமா ஓட்டுவாரா? மலை வண்டின்னு எங்கம்மா எப்பவும் பயந்துகினே இருக்கும். எனக்கும் சாயங்காலம் ஆனா வயிறு பெசையும். இவுரு எதையும் சொல்லமாட்டாரு."

ஜீப்காரர் பின்பக்கப் படியை மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கிய கை அப்படியே நின்றது. உண்மையைச் சொல்வதா, இந்த வயிற்றோடு நிற்கிறவளிடமா, பொய்யைச் சொல்வதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த அக்கா பேசினார்.

"தெனம் இப்டித்தாம்மா. உன் வூட்டுக்காரர மாதிரி நிதானமா ஓட்றவன் இந்த மலையிலியே கெடையாது. நீ நிம்மதியா போயி பெத்தெடு."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்காரர் எங்களிடம் பணம் வாங்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. எவ்வளவு என்று எண்ணியும் பார்க்கவில்லை. நாற்பதுதான் கொடுத்தோம்.

தெரு திரும்பியதும் அக்காவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"பின்ன? புள்ளதாச்சிகிட்ட போயி, உன் புருசன் எங்களக் கொல்லப் பாக்கறான்னா சொல்றது?" தலையில் இருந்த கூடையைச் சரிசெய்துகொண்டார். "அதில்லாம, அவளுக்குத் தெரிஞ்சா என்ஜின ஆஃப் பண்ண வுடுவாளா? அழுவா, சத்தியம் வாங்குவா. அப்புறம் நாளைக்கே அம்பதும்பான்."

இரண்டும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. எது பெரிய உண்மை என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்காரரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் முன்சீட்டு மறுபடியும் எனக்கு வந்தது. சீட்டுக்குக் கீழே கொஞ்சம் பூ உதிர்ந்து கிடந்தது. வண்டி நிறையக் கூட்டம். அக்காவின் கூடையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, மேலே ஏதோ ஊரில் சாவு, வியாபாரம் இல்லை. ஜீப்காரர் டீக்கடையில் டீ குடிக்கவில்லை. கோயில் வந்தது. அங்கே நிறுத்தினார், இறங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி, பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ராத்திரி தூங்கவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"இன்னா பண்ணட்டும்?" என்றார். "நீங்க சொல்றதுதான். அம்பதுகூட வேணாம். அஞ்சு ரூபா சேத்துக் குடுத்தீங்கன்னா பாதி எறக்கத்துக்காவது என்ஜின் ஓட்டறேன். என்னால அவ்ளோதான் முடியும்."

இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பிரேக்கை நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும் என்று. எங்களுக்கும் முதலிலிருந்தே தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் சரி என்றால் வியாபாரி சரி என்பார். ஆனால் அக்கா இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அன்றைக்கு அவரிடம் நாற்பதே இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கூடைக்கு மேல் போட்டிருந்த ஈரத்துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணுபா" என்றார் அக்கா. "புள்ளைங்க பசியோட இருக்கும், சீக்கிரம் வுடு."

ஜீப்காரர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.